கூழும் குடல் நுண்ணுயிரிகளும்
எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடத்தைத் தொடங்கும்போது பாக்டீரியா என்றால் என்ன என்று கேட்பேன். "கிருமி சார், நோய் வரும்" என்பார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கம்பங்கூழ் புதிதல்ல. முதல் நாள் கரைத்து வைத்த மாவு மறுநாள் புளித்திருப்பது யார் வேலை என்று கேட்டால் வகுப்பு விழித்துக்கொள்ளும்.

அடுத்து வேலூருக்குப் போவோம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் காலரா நோயாளிகள் 48 பேரிடம் நடத்திய ஆய்வு 2000இல் வெளியானது. உப்புச் சர்க்கரைக் கரைசலுடன், சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவுச்சத்தும் பெற்றவர்களுக்குப் பேதி விரைவில் நின்றது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அந்த மாவுச்சத்தைக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. குடல் உப்பையும் நீரையும் உறிஞ்ச அவை உதவுகின்றன. காய்ச்சி ஆறிய கஞ்சியிலும் இத்தகைய மாவுச்சத்து ஓரளவு உண்டு. அதற்காகக் கூழ் மருந்தாகிவிடாது. பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல்தான்.

மனநலம் பற்றி நிதானமாகவே சொல்கிறேன். உடலின் செரோட்டோனினில் சுமார் 90 விழுக்காடு குடலில் உருவாகிறது. ஆனால் அது மூளைக்குள் நேரே நுழைவதில்லை. குடலின் செய்திகள் வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குப் போகின்றன. கூழ் குடித்தால் கவலை தீரும் என்று கரும்பலகையில் எழுதிவிட வேண்டாம்.

என் கவலை வேறு. சளி, காய்ச்சல் என்றதும் சீட்டில்லாமல் கடையில் ஆன்டிபயாடிக் வாங்குகிறார்கள். வைரஸால் வரும் சளிக்கு அது பயன்படாது. குடலின் நல்ல பாக்டீரியாக்களைத்தான் அழிக்கும். சில பிள்ளைகளுக்கு அதனாலேயே பேதியும் வரும். பெற்றோர் கூட்டத்தில் காலி மாத்திரை அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, அதிலுள்ள சிவப்புக் கோட்டைத் தேடச் சொல்கிறேன்.