ஒரு சொல்லும் ஒரு கையெழுத்தும்

அன்புள்ள மலர்விழி,

"பேச்சுரிமை இங்கேயும் இருக்கு, இலங்கையிலும் இருக்கு, அப்புறம் என்ன மாமா வித்தியாசம்?" என்று போனில் கேட்டாய். அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். இப்போது இரண்டு அரசியலமைப்பையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நம் இந்திய அரசியலமைப்பின் 19(2)இல், பேச்சுரிமை மீதான கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தச் சொல் முதலில் அங்கே இல்லை. 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் உள்ளே வரக்கூடாது என்று சென்னை அரசாங்கம் போட்ட தடையை 1950இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மறுவருடமே முதல் திருத்தம் வந்தது. பேச்சைத் தடுக்க 'பொது ஒழுங்கு' என்ற புதுக் காரணம் சேர்ந்தது. அதோடு இந்தச் சொல்லும் சேர்ந்தது.

இலங்கையின் 1978 அரசியலமைப்பில் 14வது உறுப்புரை பேச்சுரிமையைத் தருகிறது. 15வது, இன மத நல்லிணக்கம், நாடாளுமன்றச் சிறப்புரிமை, தேசியப் பாதுகாப்பு என்று வரம்புகளைச் சொல்கிறது. அங்கே 'நியாயமான' என்ற சொல் இல்லை.

அதைவிட என்னை உறுத்துவது 80(3). சபாநாயகர் சான்றுரைத்துக் கையெழுத்திட்டபின், அந்தச் சட்டம் செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. சட்டமூலமாக இருக்கும்போதே, சில நாட்களுக்குள், உயர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டும். (நாம் உச்ச நீதிமன்றம் என்பதை அவர்கள் உயர் நீதிமன்றம் என்பார்கள். படிக்கும்போது குழம்பாதே.)

இங்கே அப்படியில்லை. 2012இல் சிவசேனா தலைவர் பால் தாக்கரே இறந்து மும்பை அடைத்துக் கிடந்தபோது, பால்கரில் ஒரு பெண் அதை விமர்சித்து ஃபேஸ்புக்கில் எழுதினாள். அவள் தோழி 'லைக்' போட்டாள். இருவரையும் போலீஸ் கைது செய்தது. ஷ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் வழக்குப் போட்டாள். பல வருடம் அமலில் இருந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015இல் செல்லாது என்றானது. கொழும்பில் 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்கு அப்படி ஒரு ஷ்ரேயா வர வழியில்லை.

ஆனால் நம் பக்கமே எல்லாவற்றிலும் மேல் என்று எண்ணிவிடாதே. அவதூறைக் குற்றமாக்கிய சட்டத்தை இலங்கை 2002லேயே நீக்கிவிட்டது. நம் உச்ச நீதிமன்றமோ 2016இல் இங்குள்ள அதே மாதிரிச் சட்டம் செல்லும் என்றது. நாளை நீ நிருபராகி ஒரு மந்திரியைப் பற்றி எழுதினால், அவதூறு என்று இங்கே இரண்டு வருடம் வரை சிறைக்கு அனுப்பலாம். கொழும்பில் உன் வயசு நிருபருக்கு அந்த ஒரு பயம் இல்லை. அவதூறுக்கு நஷ்டஈட்டு வழக்குதான் வரும்.

அன்புடன்,
மாமா