சுகாதாரப் பாடம்: நம் இரத்தத்தில் ஓடும் மஞ்சள் மருந்து



முட்டியில் அடிபட்டுத் தோல் உரிந்தால் முதலில் சிவப்பாக இரத்தம் வரும். அது நின்ற பிறகு இளமஞ்சளாக நீர் கசியும். "வெறும் தண்ணிதானே" என்று துடைத்துவிட்டு மலைக்குப் போய்விடுகிறோம். அந்த நீர் இரத்தத்தில் உள்ள பிளாஸ்மாவிலிருந்து வருவது. பிளாஸ்மா எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றுகிறது. அதைப் பற்றி இம்முறை படிப்போம்.

பிளாஸ்மா என்றால் என்ன?

நம் இரத்தத்தில் பாதிக்குச் சற்று மேல் பிளாஸ்மாதான். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மிச்சத்தில் இரத்தத்தை உறைய வைக்கும் சத்துகளும் நோயை எதிர்க்கும் சத்துகளும் இருக்கின்றன.

பெக்டரியில் ஒரே கொழுந்தை அரைத்து, சலித்து, பி.ஓ.பி., டஸ்ட் என்று தரம் பிரிக்கிறார்கள் அல்லவா? அதுபோல, நாம் கொடுக்கும் இரத்தத்தையும் இயந்திரத்தில் வேகமாகச் சுற்றவிட்டுப் பிரிக்கிறார்கள். சிவப்பு அணுக்கள் ஒருவருக்கு, பிளாஸ்மா இன்னொருவருக்கு என்று போகும். பிளாஸ்மாவை உறையவைத்து ஒரு வருடம் வரை பத்திரப்படுத்தலாம். பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் போகும் தாய்க்கு அதை ஏற்றுவார்கள்.

பலரின் பிளாஸ்மாவை ஒன்றுசேர்த்து மருந்தும் செய்கிறார்கள். சிறு காயத்திலும் இரத்தம் உறையாத ஹீமோபீலியா நோய்க்கான மருந்து, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளுக்கான இம்யூனோகுளோபியூலின், தீக்காயம் பட்டோருக்கும் பயன்படும் அல்புமின் ஆகியவை அவற்றில் சில.

தாய்மாருக்கு ஒரு முக்கிய விஷயம்

"அவளுக்குப் பிள்ளை தங்காத ராசி" என்று லயத்தில் பேசுவதைக் கேட்டிருப்போம். ராசி அல்ல, சில சமயம் இரத்த வகைதான் காரணம்.

தாயின் இரத்தம் 'நெகட்டிவ்' ஆகவும் பிள்ளையின் இரத்தம் 'பொசிட்டிவ்' ஆகவும் இருந்தால், பிரசவ நேரத்தில் பிள்ளையின் இரத்தம் சிறிது தாயின் உடம்பில் கலக்கலாம். தாயின் உடம்பு அதை எதிரியாக நினைத்துக்கொள்ளும். முதல் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்த பிள்ளை பொசிட்டிவாக உருவானால், அதன் இரத்த அணுக்கள் வயிற்றிலேயே அழியத் தொடங்கும். கடும் மஞ்சள் காமாலை வரலாம், பிள்ளை இறந்தும் போகலாம்.

இதைத் தடுக்க 'அன்டி-டி' என்ற ஊசி இருக்கிறது. குழந்தை பிறந்து 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். கருச்சிதைவு ஏற்பட்டாலும் இந்த ஊசி வேண்டுமா என்று உடனே கேளுங்கள். இந்த மருந்தும் மனிதரின் பிளாஸ்மாவிலிருந்துதான் வருகிறது.

அவுஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவரின் பிளாஸ்மாவில் இந்த மருந்துக்கு வேண்டிய சத்து நிறைய இருந்தது. 14 வயதில் நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்தபோது பிறர் கொடுத்த இரத்தத்தால் பிழைத்தவர் அவர். 1954 முதல் 2018 வரை 1,173 தடவை தானம் செய்தார். அதனால் சுமார் 24 இலட்சம் குழந்தைகள் காக்கப்பட்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஊசியென்றால் அவருக்குப் பயம். குத்தும்போது பார்க்கவே மாட்டாராம்! 2025இல் தமது 88ஆவது வயதில் காலமானார்.

நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

"ரத்தம் குடுத்தா கொழுந்துக் கூடை தூக்க முடியுமா?"
வளர்ந்தவர் உடம்பில் சுமார் 5 லீற்றர் இரத்தம் உண்டு. எடுப்பது அரை லீற்றருக்கும் குறைவு. பிளாஸ்மா ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பு அணுக்களுக்குச் சில வாரங்கள் வேண்டும். அன்றைக்கு மட்டும் பாரம் தூக்காதீர்கள். லீவு நாளில் கொடுப்பது நல்லது.

"யார் குடுக்கலாம்?"
18 முதல் 60 வயது வரை, 50 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள சுகதேகிகள் 4 மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கொடுக்கக்கூடாது.

"காசு தருவாங்களா?"
இல்லை. 2014 முதல் நம் நாட்டு இரத்த வங்கிகளுக்கு வரும் இரத்தம் முழுவதும் விரும்பிக் கொடுப்பவர்களுடையதே.

"எனக்கு ரத்தம் காணாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்களே?"
இதில் வெட்கம் எதற்கு, அக்கா? ஹீமோகுளோபின் போதிய அளவு இல்லாவிட்டால் எடுக்க மாட்டார்கள். உங்கள் உடம்பைக் கவனிக்கச் சொல்லும் எச்சரிக்கை அது. டிஸ்பென்சரியில் காட்டுங்கள். முருங்கைக் கீரை, நெத்தலி, பருப்பு சேர்த்துக்கொள்ளுங்கள். கீரையில் தேசிக்காய் பிழியுங்கள். சாப்பாட்டோடும் இரும்புச் சத்து மாத்திரையோடும் தேத்தண்ணி குடிக்காதீர்கள். சாயம் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலமாவது பொறுத்துக் குடியுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. கிளினிக் அட்டையை எடுத்து அம்மாவின் இரத்த வகையைப் பாருங்கள். தெரியாவிட்டால் மருத்துவிச்சியிடம் கேளுங்கள்.
2. 'நெகட்டிவ்' என்றிருந்தால், பிரசவத்துக்குப் போகும்போது அதை வைத்தியரிடமும் தாதியிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.
3. அடுத்த இரத்ததான முகாம் எங்கே, எப்போது என்று விசாரித்து, சாப்பிட்டுவிட்டு, அடையாள அட்டையோடு போங்கள்.

நாம் யாருக்குக் கொடுத்தோம் என்பது நமக்குத் தெரியப்போவதில்லை. வாங்கிய தாய்க்கும் நம் பெயர் தெரியாது. ஆனாலும் எங்கோ ஒரு லயத்தில் ஒரு பிள்ளை அழுதுகொண்டு பிறக்கும். அது போதும் நமக்கு.