அமாவாசைக்குக் காத்திருந்த ஒரு வருஷம்

மதுரை கோரிப்பாளையம் தர்காவிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். ஆழ்வார்புரத்து அக்கா ஒருவர் தன் தம்பியை அங்கே கூட்டிப்போகவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த ஆத்திரம் அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

தம்பிக்குத் தூக்கம் போனது. தனியாகப் பேச ஆரம்பித்தான். செய்வினை என்றார்கள். தகடு எடுத்தார்கள், எலுமிச்சை அறுத்தார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். செலவான பணத்தை அவர் பெரிதாகப் பேசுவதில்லை. தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டியதிலும் அவருக்கு வருத்தமில்லை. “அங்க யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகாதேன்னு சொல்லல” என்கிறார். கோபமெல்லாம் மாந்திரீகர் ஒருவர் மாதாமாதம் சொன்ன சொல்லின் மேல்தான்: “திதி தப்பிருச்சும்மா, அடுத்த அமாவாசைக்கு வாங்க.”

இந்தச் சாக்கு எளிதில் பிடிபடாது. சூரியனைவிட்டுச் சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி. சந்திரனின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் திதி சுமார் 19 மணி நேரத்திலும் முடியும், 26 மணி வரையும் நீளும். அமாவாசை சில மாதம் பட்டப்பகலில் பிறந்து மறுநாள் காலையில் முடிந்துபோகும். செய்வினைக் கழிப்பு பலிக்காவிட்டால் நேரத்தின் மேல் பழிபோட எப்போதும் இடமுண்டு. ஒவ்வொரு சாக்குக்கும் நோயாளி இழப்பது ஏறக்குறைய 29½ நாள்.

அமாவாசையில் உடம்பின் சக்தி வடியும், பௌர்ணமியில் ஏறும் என்றும் அக்காவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கடலைப் போல உடம்பிலும் தண்ணீர் இருக்கிறதாம். கடலோரத்தில் கேட்டால் தெரியும்: இரண்டு நாளிலுமே கடல் ஒன்றுபோலத்தான் ஏறி இறங்கும். பௌர்ணமிக்கும் மனநோய்க்கும் தொடர்பு தேடிய 37 ஆய்வுகளை ராட்டன், கெல்லி என்ற இருவர் 1985இல் சேர்த்துப் பார்த்தார்கள். பொருட்படுத்தும்படி எதுவும் தேறவில்லை. தூக்கத்தின் கதை வேறு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வகத்தில் 33 பேரின் தூக்கப் பதிவுகளை அலசியவர்கள், பௌர்ணமியை ஒட்டிச் சுமார் 20 நிமிடம் தூக்கம் குறைவதாக 2013இல் எழுதினார்கள். எல்லா ஆய்வும் இதை ஒப்பவில்லை. ஒப்பினாலும் அந்த 20 நிமிடம் எந்த மூலைக்கு? ஏற்கெனவே தூக்கம் கெட்ட பையனை விடிய விடியப் பூஜையில் உட்காரவைத்தார்களே, அதுதான் பெரிய கெடுதல். தூக்கம் கெடக் கெட மனநோய் முற்றும்.

காத்திருக்கவைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி காட்டியது. அங்குள்ள தர்காவை நம்பி வந்தவர்களை அடைத்துவைத்திருந்த தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் கருகிச் செத்தார்கள்.

“பெரியாஸ்பத்திரி பக்கத்துலதான இருக்கு, முதல்ல அங்க போங்க” என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறார் அக்கா. எல்லார் வீட்டுக்கும் பெரியாஸ்பத்திரி பக்கத்தில் இல்லை. தூரத்தில் இருப்பவர்கள் 14416ஐ அழைக்கலாம். அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.