வீட்டுத் தொட்டியில் ஒரு ஸ்குவில்லா

விலங்கியல் பயிலும் மாணவர் எவரும் ஸ்குவில்லாவை அறிவர். செய்முறைத் தேர்வில் அடையாளம் காண வைக்கப்படும் பொருள்களுள் அதுவும் ஒன்று. பார்மலின் புட்டிக்குள் நிறம் வெளிறி, கால்களை மடக்கியபடி நின்றுகொண்டிருக்கும். கணுக்காலிகள் தொகுதி, ஓட்டுடலிகள் வகுப்பு, ஸ்டோமட்டோபோடா வரிசை என்று எழுதிவிட்டு, இரை பற்றும் காலைப் படமாக வரைந்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். இரண்டாம் ஆண்டில் நானும் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெற்றேன். அந்த உயிரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை அதன் பின்னரே அறிந்தேன். அந்த அனுபவத்தை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதல் சந்திப்பு

எங்கள் வீடு சிங்கப்பெருமாள் கோயிலில் உள்ளது. 2023 ஜூலையில் ஒரு ஞாயிறன்று இரயிலில் செங்கற்பட்டு வந்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் மாமல்லபுரம் சென்றிருந்தேன். கரையில் ஒரு பெரியவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நண்டுகளுக்கிடையே ஏதோ ஒன்று துள்ளியது. எடுக்கக் குனிந்தேன்.

"தம்பி, அதுல கைய வெக்காத. அறுத்துடும்" என்றார்.

புட்டியில் கண்ட அதே ஸ்குவில்லாதான். ஆனால், இதன் கண்கள் பச்சையாக மின்னின. காம்புகளின் மேல் அமைந்த அவ்விரு கண்களும் தனித்தனியே சுழன்றன. ஒன்று பெரியவரைப் பார்த்தது, மற்றொன்று என்னைப் பார்த்தது.

"இதை விற்பீர்களா, ஐயா?" என்று கேட்டேன்.

"இத யாரு தம்பி வாங்குவாங்க? காய வெச்சா கோழித் தீவனத்துக்குப் போவும். வேணும்னா எடுத்துக்க" என்றார். ஒரு வாளிக் கடல்நீரில் அதை இட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இறால் அல்லாத இறால்

ஆங்கிலத்தில் இவ்வினத்தைக் கும்பிடுபூச்சி இறால் என்னும் பொருள்படும் பெயரால் குறிப்பர். கும்பிடுபூச்சியைப் போல முன்கால்களை மடக்கி வைத்திருப்பதே காரணம். உண்மையில் இது கும்பிடுபூச்சியுமன்று, இறாலுமன்று. ஸ்டோமட்டோபோடா என்ற சொல்லுக்கு வாயருகே கால்களை உடையவை என்பது பொருள். இறாலின் செவுள்கள் மார்புப் பகுதியில் ஓட்டின் கீழ் இருக்கும். இவற்றுக்கோ வயிற்றுப்புற நீந்துகால்களில் செவுள்கள் அமைந்துள்ளன. உலகில் ஏறத்தாழ 450க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் சேகரிப்பைக் கொண்டு ஸ்டான்லி கெம்ப் 1913இல் வெளியிட்ட நூல், நம் கடல்களின் ஸ்டோமட்டோபோடாக்களைப் பற்றிய அடிப்படை நூலாக விளங்குகிறது.

நம் கரையில் மிகுதியாகக் கிடைக்கும் இனங்களுள் ஒன்று முன்பு ஸ்குவில்லா நீபா எனப்பட்டது. 1968இல் மானிங் என்னும் அறிஞர் அதை ஒரேட்டோஸ்குவில்லா என்னும் பேரினத்தில் சேர்த்தார். இன்று அது மியாகெல்லா நீபா என வழங்கப்படுகிறது. பெயர் பலமுறை மாறியும், நம் புட்டியின் மீதுள்ள சீட்டு மட்டும் மாறவில்லை! நானும் பழக்கத்தை விடாமல் ஸ்குவில்லா என்றே எழுதுகிறேன்.

இவ்வுயிர்களை இரை பற்றும் முறையால் இரு வகையாகப் பிரிப்பர். ஒரு வகை காலின் பருத்த முழங்கையால் நத்தை, நண்டு ஆகியவற்றின் ஓட்டை அடித்து உடைக்கும். மற்றொரு வகை, முட்கள் நிறைந்த காலால் மீனையும் இறாலையும் குத்திப் பிடிக்கும். நம் ஸ்குவில்லா இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் காலின் இறுதிக் கணுவில் ஆறு கூரிய பற்கள் உள்ளன.

முதல் வகையின் வேகம் வியப்புக்குரியது. மயில்வண்ண இனமான ஓடோன்டோடாக்டிலஸ் சில்லாரஸ் நொடிக்கு 14 முதல் 23 மீட்டர் வேகத்தில் அடிப்பதை ஷீலா பட்டேக் குழுவினர் 2004இல் அளந்து வெளியிட்டனர். அடியின் விசை 1,500 நியூட்டன் வரை எட்டுகிறது. அதாவது, ஏறக்குறைய 150 கிலோ எடை அழுத்துவதற்கு நிகர். தசை மட்டும் இவ்வளவு வேகத்தைத் தர இயலாது. வில்லை வளைத்து நாணைப் பூட்டுவது போல, ஓட்டின் ஒரு பகுதியை வளைத்துப் பூட்டி வைத்துச் சட்டென்று விடுவிக்கிறது. அப்போது நீரில் குமிழிகள் தோன்றி வெடிக்கின்றன. அவ்வெடிப்பும் இரையைத் தாக்கும். ஆகவே ஓரடி ஈரடியாகிறது. இத்தகைய இனம் கண்ணாடித் தொட்டியையே உடைத்துவிடும் என்பதால், அதனை வளர்ப்போர் தடித்த அக்ரிலிக் தொட்டியை நாடுவர்.

குத்தும் வகைக்கு அவ்வளவு வேகம் இல்லை. அவ்வகையில் உருவில் பெரியதான லைசியோஸ்குவில்லினா மாக்குலாட்டாவின் வேகம் நொடிக்குச் சற்றேறக்குறைய 2 மீட்டர்தான். வளைக்குள் பதுங்கியிருந்து, இரை அருகில் வரும்போது பாய்ந்து பற்றுவதால் அதுவே போதுமானதாக உள்ளது.

கண்களைப் பற்றியும் ஒரு திருத்தம் கூற வேண்டும். மனிதர் கண்ணில் நிறம் உணரும் செல்கள் மூன்று வகை, இவற்றுக்கோ பன்னிரண்டு வகை என்று பலரும் வியந்து எழுதுவர். அது பவளப்பாறைகளில் வாழும் வண்ண இனங்களுக்குப் பொருந்தும். அவற்றின் கண்ணின் நடுவே ஆறு வரிசைகள் கொண்ட பட்டை உள்ளது. கலங்கிய சேற்று நீரில் வாழும் ஸ்குவில்லாக்களில் அப்பட்டை இரு வரிசைகளே கொண்டது. அமெரிக்கக் கரையில் வாழும் ஸ்குவில்லா எம்பூசாவை ஆராய்ந்தபோது, ஒரே ஒரு பார்வை நிறமியே காணப்பட்டது. நிறம் தெரியாத நீரில் நிறம் காணும் கண் எதற்கு? வாழும் நீருக்கு ஏற்பவே கண்ணும் அமைகிறது.

முதல் தவறு

மீண்டும் என் ஸ்குவில்லாவுக்கு வருகிறேன். வீட்டில் இருந்த பழைய மீன்தொட்டியில் கொண்டுவந்த கடல்நீரை ஊற்றி, அதைவிட்டு, பசிக்குமே என்று நிறைய இறால் துண்டுகளைப் போட்டேன். இரண்டாம் நாள் மாலை அது பக்கவாட்டில் சாய்ந்து நீந்துகால்களை வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் இறந்துகிடந்தது. நீரில் துர்நாற்றம் வீசியது.

ஆசிரியரிடம் கூறினேன். "அதை நீ பட்டினி போடவில்லை. அதன் கழிவிலேயே அதை மூழ்கடித்துவிட்டாய்" என்றார். அச்சொல் என்னை வெகுவாகப் பாதித்தது.

விலங்கின் கழிவும் மிஞ்சிய இரையும் அழுகும்போது அம்மோனியா உண்டாகிறது. கடல்நீர் காரத்தன்மை உடையது, அதன் பி.எச். மதிப்பு 8க்கு மேல் இருக்கும். அந்நிலையில் அம்மோனியாவின் நச்சுத்தன்மை மேலும் கூடும். நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. வேறு வகைப் பாக்டீரியாக்கள் அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இந்த நைட்ரஜன் சுழற்சியை நான் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். ஆனால், என் தொட்டியில் அப்பாக்டீரியாக்கள் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வெளியே நைட்ரஜன் சுழற்சி படித்தவன், வீட்டில் அது இன்றி ஓர் உயிரைக் கொன்றேன்.

நீரைத் தயார் செய்தல்

இம்முறை விலங்கின்றியே தொடங்கினேன். சென்னை கொளத்தூரில் 2 அடி நீளமும் 6 மில்லிமீட்டர் கண்ணாடியும் கொண்ட தொட்டி, காற்றுக்குழாய், வடிகட்டி, சோதனைத் திரவங்கள் ஆகியவற்றை வாங்கினேன். நீருக்கும் மணலுக்கும் மாமல்லபுரம் சென்றேன். 20 லிட்டர் கேன்கள் மூன்றுடன் பேருந்தில் ஏறியபோது, "என்னப்பா, கல்யாண வீட்டுக்குத் தண்ணியா?" என்று நடத்துநர் கேட்டார். உப்புத் தண்ணீர் என்றதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சுமைக்கும் சீட்டுக் கொடுத்தார்.

நீரைத் துணியில் வடிகட்டி ஊற்றி, மணலை நான்கு அங்குலம் பரப்பினேன். மணலிலேயே வேண்டிய பாக்டீரியாக்கள் உண்டு. அவற்றுக்கு உணவாக ஒரு சிறு இறால் துண்டை இட்டு, நாள்தோறும் சோதித்தேன். முதலில் அம்மோனியா ஏறியது. அது இறங்கத் தொடங்கியபோது நைட்ரைட் ஏறியது. இரண்டும் இல்லாத நிலை வர ஐந்து வாரங்கள் ஆயின. வெறும் நீரை எதற்காகத் தினமும் பார்க்கிறாய் என்று அம்மா கேட்டார். வெறும் நீர் இல்லை என்று அவருக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை.

வளைக்காக ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாயை வளைவு இணைப்புகளால் சேர்த்து, இரு வாய்களும் மேலே தெரியும்படி மணலில் புதைத்தேன். அலங்காரத்துக்குப் பவளப்பாறை வைக்கலாமே என்றார் ஒரு நண்பர். பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2001 முதல் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம். சேற்றில் வாழும் உயிருக்கு அது தேவையும் அன்று.

நான் கண்டவை

ஆகஸ்டு இறுதியில் அதே பெரியவரிடமிருந்து இன்னொன்றைப் பெற்று வந்தேன். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளம். தொட்டியில் விட்டதும் குழாய்க்குள் புகுந்து, இரண்டு நாள் வெளியே தலை காட்டவில்லை. மூன்றாம் நாள் அந்தி வேளையில் குழாயின் வாயில் இரு கண்கள் தோன்றின.

ஒரு குச்சியின் நுனியில் இறால் துண்டைக் குத்தி நீட்டினேன். அது பாய்ந்ததை நான் பார்க்கவில்லை. துண்டு இருந்தது, பிறகு இல்லை. குச்சியில் ஓர் அதிர்வை மட்டும் உணர்ந்தேன். சில வாரங்களில் நான் விளக்கை அணைத்து அருகில் அமர்ந்ததும் வாயிலுக்கு வந்து காத்திருக்கத் தொடங்கியது. ஒருநாள் விட்டு ஒருநாள் இரை. மிஞ்சியதை உடனே எடுத்துவிடுவேன்.

செப்டம்பரில் வெயிலால் நீர்மட்டம் குறைந்தது. மிச்சமிருந்த கடல்நீரை ஊற்றி நிரப்பி வந்தேன். அது இரையைத் தொடாமல் மூன்று நாள் இருந்தது. நீர்மானியை மிதக்கவிட்டபோது 1.023 இருக்க வேண்டிய அளவு 1.029 காட்டியது. மரக்காணம் உப்பளத்தில் நடப்பதே என் வீட்டிலும் நடந்திருக்கிறது. நீர்தான் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆவியான இடத்தை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். ஒரேயடியாக மாற்றாமல் ஐந்து நாட்களில் சிறிது சிறிதாகச் சரிசெய்தேன்.

அக்டோபரில் ஒரு காலை குழாயின் ஒரு வாய் மணலால் அடைபட்டிருந்தது. மற்றொரு வாயின் அருகே அது அசையாமல் கிடந்தது. இறந்துவிட்டது என்றே எண்ணினேன். குச்சியால் தொட்டபோது எடையில்லாமல் உருண்டது. கண்ணின் மேலுறை வரை உரிந்துவந்த ஓடு அது! உள்ளே மெல்லுடலோடு பதுங்கியிருந்த விலங்கு, புதிய ஓடு இறுகிய பின் ஆறாம் நாள் வெளிவந்தது. தோலுரிக்கும் நாட்களில் இரை தரக்கூடாது, வளையைக் கலைக்கவும் கூடாது.

புயல் இரவு

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலால் சென்னை, செங்கற்பட்டு மாவட்டங்களில் பெருமழை பெய்தது. எங்கள் தெருவில் மின்சாரம் நின்றது. மின்கலக் காற்றுக்குழாய் நள்ளிரவில் ஓய்ந்தது. காற்று கலக்காவிட்டால் விலங்கும் பாக்டீரியாக்களும் ஒன்றாக மூச்சுத் திணறும். எனவே ஒரு குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியவில்லை. விழித்தபோது அம்மா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குவளையுடன் நின்றிருந்தார். "நீ தூங்கு. இது கண்ணைத் திறந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கு" என்றார்.

அது பிழைத்தது. ஆனால், கடலில் எந்தக் குவளையும் தேவைப்படாத ஓர் உயிரை, ஒரு மின்கம்பியை நம்பி வைத்திருக்கிறேன் என்பது அன்று புரிந்தது. அறிய வேண்டியதை அறிந்துகொண்டேன் என்றும் தோன்றியது. 2024 ஜனவரியில், மாமல்லபுரத்துக் கடல்நீரைச் சிறிது சிறிதாகத் தொட்டியில் கலந்து பழக்கியபின், வாளியில் அதை எடுத்துக்கொண்டு போனேன்.

"புடிச்சிக்கினு போறவங்களப் பாத்திருக்கேன். திருப்பிக் குடுக்க வந்தது நீதான் தம்பி" என்று சிரித்தார் பெரியவர். மறுநாள் விடியலில், வலை போடும் இடத்துக்கு அப்பால் விடுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். அது மீண்டும் எவர் வலையிலாவது சிக்கலாம். அது அதன் வாழ்க்கை.

முடிவுரை

இத்தகைய உயிரை வளர்க்க விரும்பும் நண்பர்களுக்குச் சில சொற்கள். உயிரை வாங்குமுன் நீரைத் தயார் செய்யுங்கள். ஒரு தொட்டியில் ஒன்றை மட்டுமே வையுங்கள். உடன் விடப்படும் மீன் அதற்கு இரையாகிவிடும். தொட்டிக்கு மூடி வேண்டும். செம்பு கலந்த மீன் மருந்து ஓட்டுடலிகளைக் கொல்லும், அதைத் தொடாதீர்கள். வேறு கடலிலிருந்து வந்ததையோ, கடையில் பிற உயிர்களுடன் இருந்ததையோ ஒருபோதும் நம் கடலில் விடாதீர்கள்; நோயும் உடன் சேரும்.

கடல் உயிரை வளர்ப்பது என்பது உண்மையில் அதன் நீரை வளர்ப்பதே ஆகும். நம் ஆய்வுக்கூடத்துப் புட்டியில் ஸ்குவில்லா இன்றும் இருக்கிறது. அதன் கால்களை இப்போதும் என்னால் பிழையின்றி வரைய முடியும். ஆனால், அதைக் காணும்போதெல்லாம், என் அவசரத்தால் இறந்த முதல் ஸ்குவில்லாவே என் நினைவுக்கு வருகிறது. இந்த ஆண்டு செய்முறை வகுப்புக்கு வரும் இளைய நண்பர்கள், அப்புட்டியின் முன் சற்று நின்று, இது எந்த நீரில் வாழ்ந்திருக்கும் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தால் அதுவே எனக்குப் போதும்.