பாதை மூடினாலும் வேலை நடக்க வேண்டும்

வடக்கு ரயில் பாதையை நம்பி உத்தியோகம் பார்ப்பவர்களுக்குக் கடந்த சில வருடங்கள் நல்ல பாடம். 2023 ஜனவரி 8இல் அனுராதபுரம் – ஓமந்தைப் பகுதியைத் திருத்தவென்று மூடினார்கள். கொழும்பு ரயில்கள் அனுராதபுரத்தோடு நின்றன. ஐந்து மாத வேலை என்றார்கள். திறந்தது ஜூலை 13இல். 2024 ஜனவரியில் மாகோ – அனுராதபுரம் பகுதி மூடப்பட்டது. அதுவும் சொன்ன ஆறு மாதத்தைத் தாண்டி ஒக்டோபர் வரை இழுபட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து பாதை மூடியபோது திகதி குறிக்கவே யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி, வவுனியா பக்கம் போகும் ஆசிரியர், தாதியர், வங்கி உத்தியோகத்தர், அறிவியல்நகரில் இயங்கும் பல்கலைக்கழகப் பீடங்களின் ஊழியர், வார இறுதிக்குக் கொழும்பிலிருந்து வீடு திரும்புவோர் எல்லோருக்கும் இது பொருந்தும். அடுத்த முறை பாதை மூடும்போது செய்ய வேண்டியவை இவை.

சொன்ன திகதியை நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள்

திறப்பதாக அறிவித்த நாளுக்கு மேலே இரண்டு மூன்று மாதம் கூட்டிப் போட்டுத் திட்டமிடுங்கள். நேர்முகத் தேர்வு, பயிற்சி, புதிய பதவி ஏற்கும் நாள் ஆகியவற்றை ரயில் திரும்ப ஓடும் வாரத்தில் வைக்க வேண்டாம். சீசன் ரிக்கெற்றைப் புதுப்பிக்க முன் நிலையத்தில் விசாரியுங்கள். ரயில் வேலைநிறுத்த நாட்களில் சீசன் வைத்திருந்தோரை இ.போ.ச. பஸ்களில் ஏற்றிய முன்னுதாரணம் உண்டு. பாதை மூடும்போதும் அந்த வசதி உண்டா என்று கேட்டால்தான் தெரியும்.

நேரம் போவது மாறும் இடத்தில்

பாதை எங்கு மூடினாலும் சனம் நெரிவது ரயிலை விட்டு பஸ் ஏறும் இடத்தில்தான். ஒரு ரயிலிலிருந்து ஐந்நூறு பேர் இறங்கினால், எல்லோரும் இருந்து போக பத்து பஸ்ஸாவது வேண்டும். முதல் இரண்டு பஸ்ஸில் ஏறியவர் நேரத்துக்குப் போய்விடுவார். ஏழாவது பஸ்ஸுக்கு நின்றவரின் காலை அங்கேயே முடிந்துவிடும்.

ஆகவே, நிலையத்தின் வாசல் எந்தப் பெட்டிக்கு நேரே வருகிறது என்று முதல் நாளே பார்த்து, அந்தப் பெட்டியில் ஏறுங்கள். சில்லறைக் காசைக் கையில் வையுங்கள். தோளில் மாட்டும் ஒரு பை போதும், சூட்கேஸ் வேண்டாம். மாறும் ஊரைப் பற்றியும் விசாரித்து வையுங்கள். அனுராதபுரத்தில் பழையது, புதியது என்று பஸ் நிலையமும் இரண்டு. புதிய நகரில் இன்னொரு ரயில் நிலையமும் உண்டு. எங்கே இறங்கி எங்கே ஏறுவது என்று தெரியாமல் போனால் ஓட்டோக் காசும் நேரமும் சேர்ந்தே போகும்.

நடுவழியில் கை காட்டாதீர்கள்

ஏ9 வீதியில் தூர இடங்களிலிருந்து வரும் பஸ்கள் கிளிநொச்சிக்கு வரும்போதே நிறைந்திருக்கும். குறுந்தூரப் பயணியை ஏற்ற பஸ்காரருக்கு விருப்பமும் இராது. பஸ் புறப்படும் இடத்துக்கே போய் ஏறுவது நல்லது. இரண்டு தரிப்பிடம் பின்னால் போக வேண்டி வந்தாலும் நட்டமில்லை. மாதக் கணக்கில் மூடுவார்கள் என்றால், வார நாட்களில் வேலை இடத்திலேயே மூன்று நாலு பேர் சேர்ந்து அறை எடுக்க முடியுமா என்றும் கணக்குப் பாருங்கள். பஸ் காசையும் போகும் லீவையும் கூட்டினால் வாடகை பெரிதாகத் தெரியாது.

கந்தோரில் முதலே எழுதிக் கொடுங்கள்

வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்த பிறகு சொல்லும் காரணம் சாட்டாகத்தான் கேட்கும். மூடும் அறிவித்தல் வந்த அன்றே அதிபருக்கோ கிளை முகாமையாளருக்கோ ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். அதில் மூன்று விடயம் போதும்: எந்தப் பகுதி எப்போது மூடப்படுகிறது, உங்களால் உறுதியாக வந்துசேரக்கூடிய நேரம் எது, பிந்தும் நேரத்தை எப்படி ஈடுசெய்வீர்கள். ஆசிரியர் என்றால் முதலாம் பாடவேளையை வேறொருவரோடு மாற்றித் தரக் கேளுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். பிறகு சம்பளம் வெட்டும் பேச்சு வந்தால் அதுதான் துணை.

கூட்டாகக் கேளுங்கள்

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, வேலைக்குப் போவோருக்காகக் காங்கேசன்துறைக்கும் முறிகண்டிக்கும் இடையில் 'யாழ் ராணி' ரயில் ஓடத் தொடங்கியது. தேவை கண்ணுக்குத் தெரிந்தால் சேவை வரும் என்பதற்கு அது சாட்சி. ஒரே பாடசாலை, ஒரே வைத்தியசாலை, ஒரே வீதி என்று ஆட்களைச் சேருங்கள். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எங்கிருந்து எங்கே என்று எழுதி, இ.போ.ச. சாலைக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் கொடுங்கள். தனியார் பஸ் உரிமையாளரும் நாற்பது நிச்சயப் பயணிகள் என்றால் காது கொடுப்பார்.

மேலதிகாரிகளுக்கும் ஒரு சொல். பாதை மூடும் மாதங்களில் அரை மணி நேர நெகிழ்வு கொடுத்தால் உங்களுக்குப் போவது ஒன்றும் இல்லை. கொடுக்காவிட்டால் தூரத்திலிருந்து வரும் நல்ல ஊழியர் இடமாற்றம் கேட்டுப் போய்விடுவார்; அந்த வெற்றிடம் ரயில் திரும்ப ஓடத் தொடங்கியதும் தானாக நிரம்பாது.