என்ன பாடப்போகிறார் என்று தெரியாமல்

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மார்கழியில் சபா சபாவாக மத்தியானக் கச்சேரிகள், தை மாதம் திருவையாறு, பங்குனியில் கிளீவ்லாந்து விழா, அங்கிருந்து ஆகஸ்ட் வரை அமெரிக்காவில் ஊர் ஊராக நடன அரங்கேற்றங்கள், ஊர் திரும்பியதும் திருநீர்மலைப் பக்கம் தம்ம சேது மையத்தில் பத்து நாள் விபாசனா தியானம். இடையிடையே இணைய வகுப்பு, ஸ்டூடியோ வாசிப்பு. "விட்டதையெல்லாம் எப்படி அண்ணா பிடிப்பது?" என்று கேட்டு, கீழே ஒரு பட்டியலும் போட்டிருக்கிறாய். தள்ளிப்போன வகுப்புகள், பாடம் பண்ண நினைத்த பல்லவிகள், பதில் போடாத செய்திகள். அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

பத்து நாள் மிருதங்கத்தைத் தொடாததால் கை போயிருக்குமோ என்று பயப்படுகிறாய். போகாது. சின்ன வயதிலிருந்து சாதகம் செய்த கை பத்து நாளில் எங்கும் போய்விடாது. நானும் ஒரு காலத்தில் அந்தப் பத்து நாள் உட்கார்ந்தவன்தான். காலை 4 மணிக்கு மணி அடிக்கும். பேச்சு இல்லை, புத்தகம் இல்லை, பாட்டு இல்லை. முதல் மூன்று நாள் மூச்சு வந்து போவதைக் கவனிப்பது மட்டுமே வேலை. என் விரல்கள் தொடையில் தாமாகவே வாசித்துக்கொண்டிருந்தன. ஐந்தாம் நாள் மழை பிடித்தது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தை எண்ணிக்கை போடாமல் கேட்டேன். அப்படி எதையாவது கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைத்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் தியானத்தில் உட்காரச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதையும் நீ பாக்கிக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறாய். முதலில் அதை அங்கிருந்து எடுத்துவிடு.

என் கவலை அரங்கேற்றங்களைப் பற்றியது. குறையாகச் சொல்லவில்லை. ஒரு குழந்தை பல வருஷம் பயின்று ஏறுகிற மேடை அது. ஜதி, கோர்வை, தீர்மானம் எல்லாம் முன்கூட்டியே அமைத்து, ஒத்திகை பார்த்து, அடவும் அடியும் ஒன்றாக விழ வேண்டும். நட்டுவனார் கண் காட்டுவதற்கு முன்பே உன் கை அங்கே போய் நிற்க வேண்டும். ஸ்டூடியோவில் கிளிக்கோடு வாசிப்பதும் ஏறத்தாழ அதே மாதிரிதான். ஆனால் மாதக்கணக்கில் அப்படியே வாசித்தால், அடுத்து வருவது என்னவென்று தெரிந்துகொண்டே வாசிக்கிற பழக்கம் கைக்கு வந்துவிடுகிறது. கச்சேரியில் ஒத்திகை கிடையாது. பெரும்பாலும் பாடகர் வாயைத் திறந்த பிறகுதான் பாட்டு என்னவென்று நமக்குத் தெரியும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இதே போல் ஒரு சுற்றுப்பயணம் முடித்து வந்த இரண்டாம் வாரம் ஒரு சபாவில் வாசித்தேன். தேசாதி எடுப்பில், ஒன்றரை அட்சரம் தள்ளி ஆரம்பிக்கும் கீர்த்தனை. பாடகர் நிரவல் செய்துகொண்டிருந்தார். மேல்காலம் போய் முடிக்கப்போகிறார் என்று என் கை தானாக முடிவு கட்டி, தீர்மானத்தை ஆரம்பித்துவிட்டது. அவரோ மேல் ஷட்ஜத்தில் கார்வை கொடுத்து நின்றுவிட்டார். அரங்கமே மூச்சடக்கியிருந்த அந்த இடத்தில் என் மூன்று சுற்று மட்டும் தடதடவென்று ஓடி முடிந்தது. அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தனி ஆவர்த்தனத்துக்கு நிறைய நேரம் விட்டார். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதனால், ஒரு மாதத்துக்குப் புதுக் கோர்வை எதுவும் வேண்டாம். காலையில் 'த தி தொம் நம்' என்று முதல் காலத்தில் உட்கார். பிறகு பாடுகிற ஒருவரைப் பிடித்துக்கொண்டு சர்வலகு மட்டும் வாசி. மைக் வேண்டாம். மைக் வைத்தால் வாசிக்க மாட்டேன் என்று மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் ஒரு காலத்தில் பிடிவாதமாக நின்றார். மைக் இல்லாத அறையில் ஒரு மணி நேரம் வாசித்துப் பார், காரணம் உன் கைக்கே புரியும். குரலை மூடாமல் அரைச்சாப்பு எவ்வளவு வேண்டும், தொப்பியில் கும்கி எங்கே கேட்டால் போதும் என்று அப்போதுதான் தெரியும்.

இணைய வகுப்பை நிறுத்தாதே. வீட்டு வாடகை அதிலிருந்துதான் போகிறது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஒலி தாமதித்து வருவதால் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. பிள்ளை தாளத்தைத் தவறவிட்டதா, இணைப்பு தவறவிட்டதா என்றும் தெரியாது. தாளம் போட்டுச் சொற்கட்டை வாயால் சொல்லவை, அதுவே பாதிப் பாடம். வகுப்பு முடிந்த கையோடு மட்டும் சாதகத்துக்கு உட்காராதே. பின்தங்கிய தாளத்தையே கேட்டுப் பழகிய காதைக் கொஞ்சம் ஆறவிடு.

வாத்தியமும் உன்னைப் போலவே அலைந்து திரும்பியிருக்கிறது. ஏசி அறைகளின் வறண்ட காற்றில் சுருதி ஏறிக்கொண்டே போயிற்று, கரணை உதிர்கிறது என்று எழுதியிருக்கிறாய். பாதிக் கச்சேரிகளுக்கு நட்டு போல்ட் மிருதங்கத்தை வைத்துச் சமாளித்திருக்கிறாய். ஸ்பேனரைத் திருகினால் சுருதி வந்துவிடுகிறது, பயணத்துக்கு அது சௌகரியம்தான். ஆனால் கல்லாலும் கட்டையாலும் மூட்டைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்க்கும்போது காதுக்குக் கிடைக்கிற வேலை அதில் இல்லை. பலாக்கட்டை மிருதங்கத்தை எடுத்துக்கொண்டு நீயே மூட்டு வேலை செய்பவர் வீட்டுக்குப் போ. ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடாதே. அவர் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார். கரணைக்குக் கல் பொடியையும் சோற்றையும் மசித்து ஒரு படலம் வைப்பார், கல்லால் தேய்ப்பார், காய்ந்த பிறகு அடுத்த படலம். இடையில் ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். அவர் கேட்பதைப் போல நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? இந்த வேலையைத் தலைமுறையாகச் செய்து வருபவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் அவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' புத்தகம் எழுதிய பிறகுதான் சபா உலகம் அவர்கள் பெயர்களைக் கொஞ்சமாவது உச்சரிக்க ஆரம்பித்தது. நான் முப்பது வருஷம் வாசித்த பிறகே அவர்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நீ அவ்வளவு தாமதிக்காதே.

வேலை முடிய எப்படியும் சில நாள் ஆகும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். அண்ணியின் சுருதிக்கு என்னிடம் ஐந்தரைக் கட்டை வாத்தியம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வா. அவள் பாடுவாள். என்ன பாடப்போகிறாள் என்று இன்றுவரை என்னிடமும் முன்கூட்டிச் சொன்னதில்லை.

அன்புடன்,
அண்ணா