வெந்நீர் வலிப்பு

தமிழகத்தின் வடமேற்கெல்லையில், கருநாடகத்தை அடுத்து விளங்குவது ஓசூர். தொழிற்சாலைகள் மலிந்த இந்நகரினின்றும் பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. எல்லைக்கோடு ஆட்சியைப் பிரிக்கிறதேயன்றிப் பழக்கவழக்கங்களைப் பிரிக்கவில்லை. குளிர்காற்று வீசும் இம்மேட்டு நிலத்தில், அண்டாவில் நீரை நன்கு காய்ச்சிச் செம்பால் மொண்டு, தலையில் இடைவிடாது ஊற்றி முழுகுவது வழக்கம். அங்ஙனம் முழுகுங்கால் சிறுவர் சிலர் திடீரென மருண்டு விழித்துப் பொருளற்ற சொற்களைப் பிதற்றுவர். சிலர்க்குக் கைகால்கள் இழுக்கும்.

பேய் பிடித்ததென்று வேப்பிலை அடித்தோரும், கையில் இரும்பைக் கொடுத்தோரும் உண்டு. இரும்பினால் வலிப்பு நிற்பதில்லை. சிறிது பொழுதில் அது பெரும்பாலும் தானே அடங்கும். பெயரோ இரும்புக்குப் போய்விடுகிறது!

1945ஆம் ஆண்டில் நியூசிலாந்து நாட்டுச் சிறுவன் ஒருவனிடம் இந்நோய் கண்டு குறிக்கப்பட்டது. பெங்களூர் மருத்துவர் கே. எஸ். மணி 1968ஆம் ஆண்டில் இதனைப் பற்றி எழுதினார். பின்னர், அந்நகரிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தைச் சார்ந்த சதீஷ்சந்திரா முதலியோர், 279 நோயாளரை ஆராய்ந்து 1988ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 'எப்போது வலித்தது?' என்பதோடு நில்லாது, 'எவ்வாறு குளித்தாய்? நீரின் சூடு எவ்வளவு? தலையிலா, உடலிலா ஊற்றினாய்?' என்றெல்லாம் வினவியமையால் உண்மை புலப்பட்டது. 40 முதல் 50 பாகை வரை சூடேறிய நீர் தலையில் விரைந்து வீழ்வதே நோயைத் தூண்டியது. எலிகளின்மீது வெந்நீர் ஊற்றிச் செய்த சோதனைகளிலும், மூளையின் வெப்பம் உயர்ந்தபோது வலிப்பு உண்டாயிற்று.

இனி மருந்தைப் பற்றிய வினா எழுந்தது. வலிப்பு நோய்க்கு நாள்தோறும் மருந்துண்பதே மரபு. தலைமுழுக்கோ சில நாட்களுக்கு ஒருமுறை நிகழ்வது. என்றோ வரும் வலிப்புக்கு என்றும் மருந்துண்ண வேண்டுமோ? குளோபசாம் என்னும் மருந்தை, முழுகுவதற்கு ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் முன்னதாகக் கொடுத்துத் தடுக்கும் முறையைத் தனராஜ், ஜெயவேலு என்னும் மருத்துவர்கள் 2003ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டனர். ஆயினும், குளிக்காத வேளைகளிலும் வலிப்புறுவோர் சிலர் உளர். அவர்க்கு இம்முறை போதாது, நாள்தோறும் மருந்து வேண்டும். இவருள் யார் எவ்வகையினர் என்று தெளிபவர் மருத்துவரே.

மருந்தினும் எளியதொன்றும் உண்டு: நீரை வெதுவெதுப்பாக ஆற்றிக்கொள்ளுதல். இந்நோயுடைய சிறுவன் குளிக்கும்போது அன்னை அருகிருப்பாள். குளியலறைக் கதவு தாழிடப்படுவதில்லை.